வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு: பினாங்கில் அரசு உதவியும் ஓய்வும் பெறும் வழிகாட்டி

பாரிசவாயு வந்து படுத்துவிட்ட அப்பா, மறதிநோய் முற்றிய அம்மா, பிறவியிலேயே நடக்க முடியாத பிள்ளை. இவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவருக்கென்று மலேசியாவில் தனிச் சட்டமோ தனி அலுவலகமோ இல்லை. கிடைக்கிற உதவி ஏறக்குறைய எல்லாமே நோயாளியின் பெயரில் வருகிறது. அதுவும் சமூக நல இலாகா, சொக்சோ எனும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், சுகாதார கிளினிக், வருமான வரி வாரியம் என்று சிதறிக் கிடக்கிறது. ஓர் இடத்தில் இருப்பவர் அடுத்த இடத்தைச் சொல்லி அனுப்புவது அபூர்வம். அதனால் எங்கே முதலில் போவது, கையில் எந்தத் தாளோடு போவது என்று தெரிந்துகொண்டாலே பாதி அலைச்சல் மிச்சம். கீழே உள்ள வரிசை பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் இருக்கும் குடும்பங்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தொகைகள் 2025 நிலவரப்படி.

படி 1: ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வருவதற்கு முன்

பெரும்பாலான குடும்பங்கள் இந்த இரண்டு மூன்று நாள்களைக் கோட்டை விடுகின்றன. நோயாளி வார்டில் இருக்கும்போது டாக்டர், தாதி, உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே கட்டடத்தில் இருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தபின் ஒவ்வொருவரையும் பார்க்கத் தனித்தனியாகத் தேதி வாங்க வேண்டும். எனவே டிஸ்சார்ஜ் தேதி சொன்னவுடன் மூன்று காரியங்களைக் கேளுங்கள்.

முதலாவது, மருத்துவச் சமூகப் பணிப் பிரிவைப் பார்க்க வேண்டும் என்று வார்டு தாதியிடம் சொல்லுங்கள். மலாயில் இதை 'கெர்ஜா சோசியல் பெருபாத்தான்' என்பார்கள். பினாங்குப் பொது மருத்துவமனை, செபராங் ஜெயா போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் இந்தப் பிரிவு உண்டு. வசதியில்லாத குடும்பத்துக்குக் கட்டில், சக்கர நாற்காலி, சிகிச்சைச் செலவு ஆகியவற்றுக்கு எந்த நிதியைக் கேட்கலாம் என்று வழிகாட்டுவதும், சமூக நல இலாகாவுக்கு எழுதித் தருவதும் அவர்கள் வேலை. நீங்களாகப் போய் நிற்பதைவிட வார்டு டாக்டர் அனுப்பிய கடிதத்தோடு போனால் விரைவாக நடக்கும்.

இரண்டாவது, வீட்டுக்கு வந்து பார்க்கும் தாதி சேவை. சுகாதார அமைச்சு 2014 முதல் சுகாதார கிளினிக்குகள் வழியாக 'பெராவாத்தான் டொமிசிலியாரி' என்ற சேவையை நடத்துகிறது. படுக்கையில் இருப்பவரின் மூக்குக்குழாய், மூத்திரக்குழாய் மாற்றுவது, புண் கட்டுவது, கைகால் பயிற்சி தருவது போன்றவை இதில் அடங்கும். பொதுவாக ஆஸ்பத்திரியின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் இதில் சேர முடியாது. உங்கள் முகவரி எந்தக் கிளினிக்கின் எல்லைக்குள் வருகிறது, அங்கே இந்தக் குழு இருக்கிறதா என்பதை டிஸ்சார்ஜுக்கு முன்பே கேட்டு, கடிதத்தில் அந்தக் கிளினிக்கின் பெயரை எழுதச் சொல்லுங்கள். தாதி வரும்போது பார்த்துக்கொள்பவர் வீட்டில் இருக்க வேண்டும். அவர்கள் செய்வது பாதி சிகிச்சை, பாதி பயிற்சி. உங்களுக்குக் கைவந்ததும் வருகை குறைந்து நின்றுவிடும். ஆகவே அவர்கள் வரும் நாளில் பார்த்துக்கொண்டு மட்டும் நிற்காமல், அவர்கள் முன்னிலையில் நீங்களே செய்து காட்டுங்கள்.

மூன்றாவது, மருத்துவ உறுதிப்பாடு. இதற்குத் தனிப் படி வேண்டும்.

படி 2: டாக்டரின் தாள்

அடுத்து வரும் எல்லா விண்ணப்பங்களும் இந்த ஒரு தாளில்தான் நிற்கின்றன அல்லது விழுகின்றன. 'பக்கவாத நோயாளி' என்று மட்டும் எழுதிய கடிதம் எங்கும் செல்லாது. நோயின் பெயர், எப்போது வந்தது, இப்போது தானே எதைச் செய்ய முடியும், எதற்கு ஆள் வேண்டும், நிலைமை நிரந்தரமா என்ற ஐந்தும் இருக்க வேண்டும். படுக்கையிலேயே இருப்பவர் என்றால் 'தெர்லந்தார்' என்ற சொல்லும், முழுநேரக் கவனிப்பு வேண்டும் என்பதைச் சொல்லும் 'பெஞாகாஆன் செப்பெனுஹ் மாசா' என்ற தொடரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இவை சமூக நல இலாகாவின் நிபந்தனையில் உள்ள சொற்கள். இவை இல்லாவிட்டால் அலுவலர் கோப்பைத் திருப்பி அனுப்புவார்.

டாக்டருக்கு நேரம் குறைவு. நோயாளியின் ஒரு நாளை நீங்களே ஒரு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள்: உட்கார எத்தனை பேர் தூக்க வேண்டும், சாப்பாடு குழாயிலா கரண்டியிலா, இரவில் எத்தனை முறை எழுந்து பார்க்க வேண்டும், பேம்பர்ஸ் ஒரு நாளைக்கு எத்தனை. வெட்கப்பட்டு 'பரவாயில்ல டாக்டர், சமாளிச்சுக்கிறோம்' என்று சொல்லிவிடும் பழக்கம் நம் குடும்பங்களில் அதிகம். அந்த வார்த்தை அப்படியே மருத்துவ அட்டையில் பதிவாகிவிடும். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

சமூக நல இலாகாவின் உதவிகளுக்கு அரசு டாக்டரின் கையெழுத்துதான் பாதுகாப்பானது. தனியார் மருத்துவமனையில் பார்த்தவர்கள், அங்குள்ள அறிக்கையோடு அரசு மருத்துவமனைக்கோ சுகாதார கிளினிக்குக்கோ போய் உறுதி வாங்கிக்கொள்வது நல்லது. தாளை நான்கு நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை வீட்டிலேயே வையுங்கள்.

படி 3: ஓகேயு அட்டை

ஓகேயு என்பது மாற்றுத்திறனாளியைக் குறிக்கும் மலாய்ச் சுருக்கம். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் கீழ் சமூக நல இலாகா வழங்கும் அட்டை இது. கட்டணம் இல்லை. செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல், மனநலம், பலவகை என ஏழு பிரிவுகள். பதிவுப் பாரத்தின் ஒரு பகுதியை டாக்டர் நிரப்பிக் கையெழுத்திட வேண்டும். அதோடு மைகாட் எனும் அடையாள அட்டை அல்லது பிறப்புச் சான்றிதழ் நகலும் படமும் சேர்த்து மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் தரலாம், இணையவாசலிலும் ஏற்றலாம்.

இங்கே தடுமாறுவது இரண்டு வகையினர். பக்கவாதம் வந்த சில வாரங்களிலேயே பாரத்தை நீட்டினால், இன்னும் தேற வாய்ப்பு இருக்கிறது என்று டாக்டர் கையெழுத்திடத் தயங்குவார். எப்போது மதிப்பிடுவார் என்று தேதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மறதிநோயாளிகளின் குடும்பங்களோ எந்தப் பிரிவு என்று தெரியாமல் விட்டுவிடுகின்றன. முற்றிய மறதிநோயை மனநலப் பிரிவில் பதிய வழி இருக்கிறது. ஆனால் அந்தப் பிரிவுக்கு மனநல நிபுணரிடம் குறைந்தது 2 ஆண்டு சிகிச்சையோ நோயறிதலோ இருக்க வேண்டும். அம்மா தெருப்பெயரை மறக்கத் தொடங்கிய அன்றே கிளினிக்கில் பதிவு செய்து, மனநல நிபுணரிடம் அனுப்பச் சொன்னால் இந்த 2 ஆண்டுக் கடிகாரம் சீக்கிரமே ஓடத் தொடங்கிவிடும். 'வயசானா அப்படித்தான்' என்று விட்டுவிட்டால் அது தொடங்குவதே இல்லை.

அட்டை கையில் வந்ததும் அரசு மருத்துவமனையில் வெளிநோயாளர் கட்டணமும் மூன்றாம் வகுப்பு வார்டுக் கட்டணமும் விலக்கப்படும். வருமான வரிக் கழிவுகளுக்கும் இதுவே ஆதாரம். பினாங்கு மாநில அரசின் ஐ-செஜாத்தெரா திட்டத்தில் மூத்த குடிமக்களுக்கும் ஓகேயு அட்டைதாரர்களுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை தரும் ஊக்கத்தொகைக்கும் தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தில் அதற்கு உதவுவார்கள்.

படி 4: சமூக நல இலாகாவின் மாத உதவி

படுக்கையில் இருக்கும் ஓகேயு அல்லது நாள்பட்ட நோயாளியை முழுநேரமும் பார்த்துக்கொள்பவருக்கு மாதம் 500 வெள்ளி (ரிங்கிட்) தரும் திட்டம் இது. சுருக்கமாக பிபிடி என்பார்கள். முன்பு 350 வெள்ளியாக இருந்தது, 2021இல் உயர்ந்தது. அரசு தரும் பணத்தில் 'பார்த்துக்கொள்பவர்' என்ற முறையில் உங்கள் பெயரிலேயே வருவது அநேகமாக இது ஒன்றுதான்.

எந்த அலுவலகம் என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். ஜார்ஜ்டவுன், ஜெலுத்தோங், ஆயர் ஈத்தாம் பக்கம் என்றால் வடகிழக்கு மாவட்டம். பாயான் லெப்பாஸ், பாலிக் புலாவ் என்றால் தென்மேற்கு. பட்டவொர்த், கெப்பாலா பத்தாஸ் வடக்குச் செபராங் பிறை. பிறை, புக்கிட் மெர்தாஜம் மத்திய செபராங் பிறை. நிபோங் திபால், சுங்கை பாக்காப் தெற்குச் செபராங் பிறை. மைகாட்டில் பழைய தோட்டத்து முகவரி இருந்தாலும், நோயாளி இப்போது படுத்திருக்கும் வீடு எந்த மாவட்டமோ அங்கேதான் விண்ணப்பிக்க வேண்டும். அலுவலர் நேரில் வந்து பார்க்கப்போவது அந்த வீட்டைத்தான்.

கொண்டுபோக வேண்டியவை:

- நோயாளி, பார்த்துக்கொள்பவர், வீட்டில் உள்ள மற்றவர்களின் மைகாட் நகல்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், திருமணச் சான்றிதழ்
- சம்பளச் சீட்டு. சம்பளச் சீட்டு இல்லாத வேலை என்றால் வருமானத்தை உறுதிப்படுத்தும் கடிதம்
- அரசு டாக்டரின் உறுதிப்பாடு, ஓகேயு அட்டை நகல்
- பார்த்துக்கொள்பவரின் வங்கிக் கணக்குப் புத்தகம் அல்லது அறிக்கை
- வாடகை ஒப்பந்தம், தண்ணீர், மின்சார பில்கள்

குடும்ப வருமானத்தை வறுமைக்கோட்டு வருமானத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 2022 கணக்கெடுப்பில் நாட்டளவில் அது மாதம் 2,589 வெள்ளி. அந்தக் கோட்டுக்குச் சற்றே மேலே இருக்கிறது என்று நீங்களே தீர்ப்புச் சொல்லி வீட்டில் இருந்துவிடாதீர்கள். அந்த வருமானத்தில் எத்தனை பேர் வாழ்கிறார்கள், மருந்துக்கும் பேம்பர்ஸுக்கும் பால்மாவுக்கும் என்ன செலவு என்பதை எழுதி, ரசீதுகளோடு கொடுங்கள். முடிவு சொல்ல வேண்டியவர் அலுவலர்.

விண்ணப்பம் சிக்கிக்கொள்ளும் இடங்கள் பெரும்பாலும் இவைதான். பார்த்துக்கொள்பவர் என்று எழுதியிருப்பவர் பகலில் தொழிற்சாலையில் வேலை செய்வார். அப்படியானால் 'முழுநேரம்' என்ற நிபந்தனை அங்கேயே உடைந்துபோகிறது. உண்மையில் வீட்டில் இருப்பது மருமகள் என்றால் மருமகள் பெயரில் விண்ணப்பியுங்கள். அடுத்தது, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் மோசடி என்று பயந்து எடுக்காமல் விடுவது. வீட்டுக்கு வரும் நாளைச் சொல்ல அலுவலர் அழைத்திருப்பார். விண்ணப்பம் கொடுக்கும்போதே அலுவலகத்தின் தொலைபேசி எண்ணைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, நீண்டநாள் பயன்படுத்தாமல் முடங்கிப்போன வங்கிக் கணக்கு. பணம் போய்த் திரும்பிவிடும்.

நடமாடும் மறதிநோயாளிகளுக்கு இந்தத் திட்டம் பொருந்தாமல் போகிறது. நடப்பவர் 'தெர்லந்தார்' அல்ல. இரவெல்லாம் கதவைத் திறந்து வெளியே போகப் பார்ப்பவரைக் காவல் காப்பது, படுக்கையில் இருப்பவரைப் பார்ப்பதைவிடக் கடினம் என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். ஆனாலும் நிபந்தனை அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. இது மாற வேண்டிய விதி. அதுவரை 60 வயது கடந்து, வருமானமோ தாங்கக்கூடிய வாரிசோ இல்லாத பெரியவருக்கு மூத்த குடிமக்கள் உதவித்தொகையை முயன்று பாருங்கள். 2025இல் அது மாதம் 500இலிருந்து 600 வெள்ளியானது. ஒரே நோயாளிக்கு இரண்டு மாத உதவிகள் சேர்ந்து கிடைக்கும் என்று எண்ணிக் கணக்குப் போட வேண்டாம். எது பொருந்தும் என்று அலுவலரிடமே கேளுங்கள்.

பணம் வரத் தொடங்கியபின் கோப்பு அவ்வப்போது மறுபரிசீலனைக்கு வரும். நோயாளியைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தாலும், அவர் காலமானாலும், வீடு மாறினாலும் உடனே தெரிவித்துவிடுங்கள். சொல்லாமல் விட்டால் கூடுதலாக வந்த பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். துக்க வீட்டில் அந்தக் கடிதம் வருவது பெரிய வேதனை.

படி 5: நோயாளி வேலை செய்தவரா? சொக்சோவைக் கேளுங்கள்

60 வயதுக்குள் நோயில் விழுந்தவர் சம்பளத்துக்கு வேலை செய்தவர் என்றால், சமூக நல இலாகாவுக்கு முன்பே இதைப் பார்க்க வேண்டும். இங்கே வறுமைக்கோடு கிடையாது. இது அவர் மாதாமாதம் சந்தா கட்டிச் சேர்த்த உரிமை.

'பென்சென் ஈலாட்' என்பது நோயாலோ ஊனத்தாலோ இனிச் சம்பாதிக்க முடியாதவருக்கான ஓய்வூதியம். வழக்கமான வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குகூட ஈட்ட முடியாத நிலை என்று மருத்துவக் குழு உறுதிசெய்ய வேண்டும். விண்ணப்பத்துக்கு முந்தைய 40 மாதங்களில் 24 மாதங்கள் சந்தா செலுத்தியிருந்தால் முழுத் தகுதி. அது இல்லாவிட்டால், சந்தா தொடங்கிய மாதத்திலிருந்து குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மாதங்கள் கட்டி, அது 24 மாதங்களுக்குக் குறையாமல் இருந்தால் குறைந்த விகிதத்தில் கிடைக்கும். சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு வரை வாழ்நாள் முழுவதும் வரும்.

இதோடு பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது: 'எலாவுன் லாயனான் செந்தியாசா'. எப்போதும் இன்னொருவர் துணை தேவைப்படும் அளவுக்கு முடங்கியவருக்கு ஓய்வூதியத்துக்கு மேல் மாதம் 500 வெள்ளி. மருத்துவக் குழு அந்தத் தேவையைத் தனியாக உறுதிசெய்ய வேண்டும். எனவே குழுவின் முன் போகும் நாளில் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் யார் செய்கிறார் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

இங்கே நடக்கும் பெரிய தவறு தாமதம். முதலில் மருத்துவ விடுப்பு, பிறகு சம்பளமில்லா விடுப்பு, பிறகு ராஜினாமா என்று இழுத்து, 'கொஞ்சம் தேறட்டும்' என்று காத்திருப்பார்கள். காத்திருக்கும் காலத்தில் சந்தா நின்று, 40 மாதக் கணக்கு நழுவிக்கொண்டே போகும். 60 வயதைத் தாண்டிவிட்டவர்களும் ஒரேயடியாகக் கைவிட வேண்டாம். நோய் 60க்கு முன்பே இருந்தது, அதன்பின் வேலை செய்யவில்லை என்று நிரூபிக்க முடிந்தால் விண்ணப்பிக்கலாம். பழைய மருத்துவ அட்டைகளைத் தூக்கி எறியாதீர்கள்.

இபிஎஃப் எனும் தொழிலாளர் சேமநிதியில் இயலாமைக்கான முழுத்தொகை மீட்பும், பெற்றோர், துணை, பிள்ளைகளின் கடும்நோய்ச் சிகிச்சைக்காக உங்கள் கணக்கிலிருந்து எடுக்கும் வசதியும் உண்டு. சொக்சோ முடிவு வரும்வரை முழுத்தொகையில் கை வைக்காமல் இருப்பது நல்லது என்பது எங்கள் கருத்து. மொத்தமாகக் கைக்கு வந்த பணம் ஓராண்டில் கரைந்துபோன வீடுகள் ஏராளம்.

படி 6: கருவிகள்

சமூக நல இலாகாவுக்குச் சக்கர நாற்காலி, செயற்கைக் கால், செவிக்கருவி போன்றவற்றுக்கு உதவித் திட்டம் உண்டு. டாக்டரின் பரிந்துரையும் கடையின் விலைப்பட்டியலும் வேண்டும். முதலில் வாங்கிவிட்டு ரசீதை நீட்டினால் பணம் திரும்ப வரும் என்று நம்பாதீர்கள். அங்கீகாரம் வந்தபின் வாங்குங்கள். எஸ்டிஆர் எனும் அரசு ரொக்க உதவி பெறும் குடும்பத்தில் 40 வயதைக் கடந்தவர்களுக்கு, பெக்கா பி40 எனும் குறைந்த வருமானத்தினருக்கான சுகாதாரத் திட்டத்தில், அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்குத் தேவையான கருவிக்கு 20,000 வெள்ளி வரை உண்டு. அதற்கும் மருத்துவமனை வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

படி 7: நீங்கள் ஓய்வெடுக்க வழி

பணத்தைவிட இதுதான் கிடைப்பதற்கு அரிது. சில நாடுகளில் இருப்பதுபோல ஆண்டுக்கு இத்தனை நாள் ஓய்வு என்று அரசு உறுதிசெய்யும் திட்டம் இங்கே இல்லை. ஆகவே வாரத்தில் சில மணி நேரம், ஆண்டில் சில நாள் என்று சின்னச் சின்னத் துண்டுகளாக நீங்களே கோத்துக்கொள்ள வேண்டும். உடம்பு இடிந்து விழுந்தபின் தேடினால் அன்றைக்கே இடம் கிடைக்காது.

நடமாட முடிகிற பெரியவருக்கு மூத்த குடிமக்கள் நடவடிக்கை மையம் இருக்கிறது. பாவே என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். 60 வயதைக் கடந்தவர்கள் பகலில் போய் உடற்பயிற்சி, பாட்டு, பேச்சு என்று இருந்துவிட்டு வரலாம். இது பராமரிப்பு இல்லம் அல்ல. மூத்திரம் தெரியாமல் போகிறவரையோ வழி தவறுகிறவரையோ தனியாக விட முடியாது. மறதிநோயின் தொடக்கத்தில் உள்ளவரை, ஓர் உறவினர் கூட இருந்து பழக்கிவிட்டால் சில மாதங்களாவது பயன்படும்.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் பிடிகே எனும் சமூக மறுவாழ்வு மையம். வாரநாள்களில் சில மணி நேரம் பயிற்சி, பயிற்சி பெறுபவருக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகை. மையத்துக்கு வர முடியாத அளவு முடங்கியவருக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி தரும் ஏற்பாடும் உண்டு, ஆனால் நீங்கள் கேட்டால்தான் சொல்வார்கள். காத்திருப்போர் பட்டியல் இருந்தால் பெயரைப் பதிந்துவிட்டு, மாதம் ஒருமுறை அழைத்துக் கேளுங்கள்.

தனியாக வாழும் அல்லது போதிய துணையில்லாத முதியவர், ஓகேயு ஆகியோருக்குத் தன்னார்வலர் வந்து கடைக்குப் போவது, கிளினிக்குக்குக் கூட்டிப்போவது, வீட்டைக் கூட்டுவது போன்றவற்றைச் செய்யும் 'பந்து டி ரூமா' சேவையும் சமூக நல இலாகாவினுடையது. வயதான கணவரை வயதான மனைவி பார்த்துக்கொள்ளும் வீடுகள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

புற்றுநோய் முற்றியவருக்குப் பினாங்கில் ஹாஸ்பிஸ் சங்கத்தின் தாதியர் வீட்டுக்கே இலவசமாக வந்து வலியைக் கவனிக்கிறார்கள். பக்கவாதம் வந்தவருக்கு நாசாம் எனும் தேசியப் பக்கவாதச் சங்கத்தின் மையம் பினாங்கிலும் உண்டு. அவருக்குப் பயிற்சி நடக்கும் நேரம் உங்களுக்கும் மூச்சு விடும் நேரம். அரசு மருத்துவமனையின் நோய்த்தணிப்புப் பிரிவில் பதிவாகியிருப்பவர், குடும்பம் களைத்துப்போன நிலையில் சில நாள் அனுமதிக்க வழி இருக்கிறதா என்று அந்தக் குழுவிடம் கேட்கலாம். படுக்கை காலியாக இருப்பதைப் பொறுத்தது அது. கேட்பதில் குறைவில்லை.

சில நாள் அல்லது இரண்டு வாரம் வேண்டும் என்றால் தனியார் பராமரிப்பு இல்லத்தில் குறுகியகாலத் தங்கல்தான் நடைமுறை வழி. செலவு உங்களுடையது. அண்ணன் தம்பிகள் பணமாகப் பங்களிக்க ஏற்ற இடமும் இதுதான். வேலை காரணமாக வர முடியாத தம்பியிடம் 'வந்து பார்த்துக்கோ' என்று சொல்வதைவிட, 'ஆறு மாசத்துக்கு ஒரு தடவ பத்து நாள் இல்லத்துச் செலவு உன் பொறுப்பு' என்று சொன்னால் சண்டையில்லாமல் நடக்கும். இல்லத்தைப் பார்க்கப் போகும்போது 1993ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டப்படி பதிவான சான்றிதழ் சுவரில் இருக்கிறதா, காலாவதியாகவில்லையா என்று முதலில் பாருங்கள். பிறகு முன்னறிவிப்பில்லாமல் மாலை வேளையில் ஒருமுறை போங்கள். இரவில் எத்தனை பேர் விழித்திருப்பார்கள், மூக்குக்குழாய் உள்ளவரை ஏற்பார்களா, முன்பணம் எப்போது திரும்பும், அவசரமென்றால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள் என்பதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். முதல் தடவையே பத்து நாள் விடாமல், ஒரு பகல், பிறகு ஓர் இரவு என்று பழக்குங்கள்.

இல்லமோ அத்தையோ, யாரிடம் விட்டுப் போனாலும் ஒரு தாள் எழுதி வையுங்கள். ஓய்வுக்குப் போனவர் பாதியிலேயே ஓடி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தத் தாள் இல்லாததுதான். அதில் இருக்க வேண்டியவை:

- மருந்தின் பெயர், அளவு, நேரம், எதை உணவுக்கு முன், எதைப் பின்
- குழாய் உணவு என்றால் ஒரு வேளைக்கு எத்தனை மில்லி. தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்தி வைத்து ஊட்ட வேண்டும், முடிந்தபின் ஒரு மணி நேரத்துக்குத் தட்டையாகப் படுக்க வைக்கக் கூடாது. இல்லையேல் பால் நுரையீரலுக்குள் ஏறிக் கிருமித்தொற்று வரும்
- 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். இடுப்புக்குக் கீழும் குதிகாலிலும் சிவந்திருந்து, விரலால் அழுத்தினாலும் வெளுக்காவிட்டால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். அந்தப் பக்கம் படுக்க வைக்காமல் உங்களுக்குச் சொல்ல வேண்டும்
- மூத்திரப்பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்க வேண்டும், குழாய் மாற்றவேண்டிய தேதி
- இரத்தச் சர்க்கரை 4.0 mmol/Lக்குக் கீழே போனால் நினைவோடு இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டிச் சீனி கரைத்த தண்ணீர். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கும் குழாயில் உணவெடுப்பவருக்கும் வாய்வழி தரலாமா, குழாயில் எவ்வளவு என்பதை டாக்டரிடம் முன்பே கேட்டு எழுதவும். நினைவில்லாவிட்டால் வாயில் எதுவும் ஊற்றாமல் 999

தமிழ் மட்டுமே பேசும் பெரியவரை மலாய் பேசும் பணியாளரிடம் விடும்போது இன்னொரு சின்னப் பட்டியலும் வேண்டும். மறதிநோய் முற்றும்போது பின்னால் கற்ற மொழிகள் முதலில் போய்விடும். நாற்பது ஆண்டு மலாய் பேசிய தாத்தாவும் தமிழில்தான் கேட்பார். தண்ணி என்றால் ஆயர், வலிக்குது என்றால் சாக்கிட், ஒண்ணுக்கு என்றால் கென்சிங் என்று பத்துப் பதினைந்து சொற்களை மலாயில் எழுதிக் கட்டிலருகில் ஒட்டிவிடுங்கள். அவர் கத்துவதற்கான காரணம் பாதி நேரம் இதுவாகத்தான் இருக்கும்.

படி 8: வேலை, வரி, உங்கள் சொந்தப் பாதுகாப்பு

வேலையை விடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். 2023 ஜனவரி 1 முதல், வேலைச் சட்டத்தின்படி தொழிலாளி நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். ஒப்புக்கொண்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் வாய்ச்சொல்லாகக் கேட்டால் வாய்ச்சொல்லாகவே மறுத்துவிடுவார்கள். 'காலை ஷிப்டு மட்டும், ஆறு மாதத்துக்கு' என்று குறிப்பாகக் கேளுங்கள்.

வருமான வரியில் பெற்றோரின் மருத்துவம், சிறப்புத் தேவை, பராமரிப்பாளர் செலவுக்கு 8,000 வெள்ளி வரை கழிவு உண்டு. 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து தாத்தா பாட்டிக்கும் பொருந்தும். டாக்டரின் உறுதிப்பாடும், பணம் பெற்ற பராமரிப்பாளரின் ரசீது அல்லது அவருடைய வேலை பெர்மிட் நகலும் வேண்டும். நீங்களோ உங்கள் கணவர், மனைவி, பிள்ளையோ பராமரிப்பாளராகக் காட்டிக் கழிவு கேட்க முடியாது. அண்ணனும் தம்பியும் செலவைப் பகிர்ந்தால் அவரவர் கட்டியதற்கு அவரவர் பெயரில் ரசீது வாங்குங்கள். ஒரே ரசீதை இருவர் காட்டினால் சிக்கல். சக்கர நாற்காலி போன்ற கருவிகளுக்கு, ஓகேயு அட்டை உள்ள பெற்றோர், துணை, பிள்ளைக்காக வாங்கியிருந்தால், தனியாக 6,000 வெள்ளி வரை கழிவு. ஓகேயு பிள்ளைக்கான கழிவு 2025 மதிப்பீட்டு ஆண்டில் 8,000 வெள்ளி. ரசீதுகளை 7 ஆண்டு வைத்திருங்கள்.

வேலையை விட்டே ஆக வேண்டிய நிலையில், உங்கள் முதுமைக்கும் ஏதாவது வேண்டும். 60 வயதுக்குக் கீழ் நிலையான வருமானம் இல்லாதவர் சேமநிதியின் ஐ-சாராஆன் திட்டத்தில் பதிந்து தாமாக முன்வந்து பணம் போட்டால், 2025 முதல் அரசு 20 விழுக்காடு சேர்க்கிறது, ஆண்டுக்கு 500 வெள்ளி வரை. 55 வயதாகாத இல்லத்தரசிகளுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய சொக்சோ இல்லத்தரசிகள் திட்டம் இருக்கிறது. ஆண்டுச் சந்தா 120 வெள்ளி. நோயாளியைத் தூக்கும்போது வழுக்கி விழுந்து இடுப்பு உடைவது போன்ற வீட்டு விபத்துகளுக்குப் பாதுகாப்பு தருகிறது. வீட்டில் ஆள் தூக்கும் பெண்களுக்கு இதைவிட மலிவான காப்பு இல்லை. கணவரையே நம்பிக் காத்திருக்காமல் நீங்களே கட்டிவிடுங்கள்.

கடைசியாக ஒரு தாள். இன்றிரவே நீங்கள் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் நோயாளியை யார் பார்ப்பது என்று இரண்டு பெயர்களையும் எண்களையும் எழுதி, சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் குறித்து, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். அந்த இருவரிடமும் முன்பே பேசிச் சம்மதம் வாங்குங்கள். யாருமே இல்லாத வீடு என்றால் 15999, தாலியான் காசே, 24 மணி நேரமும் எடுக்கும் எண். சமூக நல இலாகாவுக்கு அவர்களே தகவல் அனுப்புவார்கள். தூக்கமில்லாமல் மனம் கலங்கி, நோயாளியின் மேல் கை ஓங்கிவிடுவோமோ என்ற பயம் வந்தால், அவரைப் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்து 15555 என்ற மனநல எண்ணை அழையுங்கள். அடுத்த நாள் சுகாதார கிளினிக்கில் உங்கள் பெயரில் ஓர் அட்டை எடுத்து, உங்கள் உடம்பையும் தூக்கத்தையும் பற்றி டாக்டரிடம் சொல்லுங்கள்.